அம்மாவோடு இன்கா பூமிக்கு: மூச்சு வாங்காமல் சுற்றிப் பார்க்க ஒரு வழிகாட்டி

தென் அமெரிக்காவில் இருக்கும் பெருவுக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்செடுத்தால், ஸ்பானியர்கள் வருவதற்கு முன்னால் அங்கே ஆண்ட இன்காக்கள் மலைமேல் கட்டிய மச்சு பிச்சு என்ற ஊரை நினைத்துத்தான் எல்லோரும் தயங்குவார்கள். மலை உச்சி, மேகம், செங்குத்துப் படிகள் என்று படத்தில் பார்த்த பயம் அது. ஆனால் மச்சு பிச்சு 2,430 மீட்டர்தான். யோசிக்க வேண்டியது குஸ்கோவைப் பற்றி. விமானம் இறங்கும் அந்த நகரம் கிட்டத்தட்ட 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைநகர் லிமாவில் கடலோரத்தில் காலை டிபனை முடித்துவிட்டு விமானம் ஏறினால், சுமார் ஒன்றரை மணி நேரத்தில் அங்கே இறங்கிவிடலாம். உடம்பு பழகிக்கொள்ள நேரமே கிடைக்காது.

68 வயது அம்மாவை நான் அழைத்துப் போனேன். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், முழங்காலும் தேய்ந்திருக்கிறது. போய் வந்த பிறகு யாராவது கேட்டால் முதலில் நான் சொல்வது ஒன்றுதான்: பார்க்கும் ஊர்களை அவற்றின் உயரத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள். தாழ்வாக இருப்பது முதலில், குஸ்கோ கடைசியில். ஏஜென்சிகள் தரும் திட்டம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கும். அதை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், மாற்றித் தருவார்கள்.

டிக்கெட் போடுவதற்கு முன்னால்

முதல் வேலை, அம்மாவை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போவது. மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும்.

ஒன்று, அந்த உயரத்தை இதயமும் நுரையீரலும் தாங்குமா என்பது. இரண்டாவது, உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலை நோய்க்கான மாத்திரை. டயமாக்ஸ் என்று கடையில் கிடைக்கும் அசெட்டசோலமைடைத்தான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. அதைச் சாப்பிட்டால் சிறுநீர் அடிக்கடி போகும். அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரையும் அந்த வகையாக இருந்தால் இரண்டையும் எந்தெந்த நேரத்தில் போடுவது என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மச்சு பிச்சுவுக்குள் கழிப்பறை கிடையாது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். லிமா, குஸ்கோ, மச்சு பிச்சு மட்டும் போகிறவர்களுக்கு அந்தக் காய்ச்சல் வரும் ஆபத்து இல்லை, காடு இருக்கும் பகுதிகளில்தான் அது உண்டு. ஆனால் இந்தியா திரும்பும்போது நம் அதிகாரிகள் பெருவை மொத்தமாக ஒரே நாடாகத்தான் பார்ப்பார்கள். அங்கிருந்து கிளம்பி 6 நாட்களுக்குள் சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் தனிமைப்படுத்தி வைக்கலாம் என்பது விதி. ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஆனால் 60 வயது தாண்டியவர்களுக்கு முதல் முறையாக இந்த ஊசி போடும்போது, அரிதாக என்றாலும், கடுமையான பக்க விளைவு வரும் வாய்ப்பு கூடுதல். அதனால் போடுவதா வேண்டாமா என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால், திரும்பும் வழியில் அந்தக் காய்ச்சல் இல்லாத வேறொரு நாட்டில் 6 நாட்களுக்கு மேல் தங்கிவிட்டு வரும்படி பயணத்தை அமைக்கலாம். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இது சுலபம்.

அப்புறம் விசா. இந்திய பாஸ்போர்ட்டுக்குப் பெரு விசா வேண்டும். ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றில் ஏதாவது ஒரு விசா குறைந்தது 6 மாதம் செல்லும்படி கையில் இருந்தாலோ, அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை இருந்தாலோ, தனியாக விசா எடுக்கத் தேவையில்லை. பயணக் காப்பீடு எடுக்கும்போது ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கும் அது பொருந்துமா என்று பார்த்து எடுங்கள். விமான டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள், அதற்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் இல்லை. "எனக்கென்ன, நான் நல்லாத்தானே நடக்கறேன்" என்று அம்மா முறைத்தார். நீண்ட வரிசைகளைக் கண்டதும் அவரே போய் உட்கார்ந்துகொண்டார்.

எந்த மாதம்

மே முதல் செப்டம்பர் வரை மழை மிகக் குறைவு. ஜனவரி, பிப்ரவரியில் மழை கொட்டும், கல் படிகள் வழுக்கும். ஜூன், ஜூலையில் வானம் தெளிவாக இருந்தாலும் கூட்டமும் அப்போதுதான். ஜூன் 24 அன்று இந்தி ராய்மி என்ற சூரியத் திருவிழா நடப்பதால் குஸ்கோவில் அறை கிடைப்பதே கஷ்டம். ராத்திரிக் குளிரும் உறைநிலையைத் தொடும். வயதானவர்களோடு போவதற்கு மே மாதமும் செப்டம்பரும் தோதானவை என்பது என் எண்ணம்.

நாட்கள் எத்தனை? லிமாவில் இறங்குவதிலிருந்து திரும்ப விமானம் ஏறுவது வரை 12 நாளாவது வேண்டும். 6 நாளில் முடித்துவிடலாம் என்பவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். உள்ளூர்ப் போராட்டங்களால் மச்சு பிச்சு ரயில் நின்றுபோவதும் உண்டு, 2024 ஜனவரியில் அப்படி நின்றது. ஒரு நாளையாவது எதுவும் வைக்காமல் காலியாக விட்டுவையுங்கள்.

மச்சு பிச்சு சீட்டு

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்க வேண்டியது இதுதான். நாள், நேரம், பாதை மூன்றும் சீட்டிலேயே இருக்கும். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் எண்ணும் அப்படியே இருக்க வேண்டும். நம் ஊர் இனிஷியல் குழப்பம் இங்கே வேண்டாம், பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். வாசலில் அசல் பாஸ்போர்ட்டைத்தான் கேட்பார்கள்.

2024 ஜூனிலிருந்து உள்ளே மூன்று சுற்றுகள், அவற்றுக்குள் பத்துப் பாதைகள் என்று பிரித்திருக்கிறார்கள். முதல் சுற்று மேலே ஏறி அங்கிருந்து முழு ஊரையும் பார்ப்பது. இரண்டாவது, கொஞ்சம் ஏறிப் பார்த்துவிட்டு ஊருக்குள் இறங்கி நடப்பது. மூன்றாவது கீழ்ப்பகுதியைச் சுற்றுவது. அம்மாவுக்கு மூன்றாவது சுற்றில் 3-பி பாதையை எடுத்தேன். ஏற்றம் குறைவு. சூரியக் கோவில், இன்கா அரசனின் இருப்பிடம் என்று சொல்லப்படும் வீடு, வரிசையாக இறங்கும் நீர்த்தொட்டிகள், கழுகுக் கோவில் எல்லாம் இதில்தான் வருகின்றன. நாள்காட்டிகளில் வரும் அந்தப் பிரபலமான காட்சி இதில் கிடைக்காது. அது கட்டாயம் வேண்டும், முழங்காலும் ஒத்துழைக்கும் என்றால் 2-பி எடுக்கலாம். மூன்றாவது சுற்றிலேயே 3-ஏ என்று இருப்பது பக்கத்தில் இருக்கும் செங்குத்தான வைனா பிச்சு மலையில் ஏறுவது. பெயர் பக்கத்தில் இருக்கிறதே என்று தவறிப்போய் எடுத்துவிடாதீர்கள்.

எல்லாப் பாதைகளும் ஒரு வழிப் பாதைகள். பாதியில் களைத்துப்போனாலும் வந்த வழியே திரும்ப விடமாட்டார்கள். அதனால்தான் பாதையைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன். மலை அடிவார ஊரில் மறுநாளைக்கு நேரிலும் கொஞ்சம் சீட்டு விற்கிறார்கள். பெரியவர்களை வைத்துக்கொண்டு அதை நம்பிப் போக வேண்டாம்.

லிமாவில் இரண்டு நாள்

நேரத்தையும் தூக்கத்தையும் சரிசெய்துகொள்ளத்தான் லிமா. ஊருக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் பச்சாகமாக் இருக்கிறது. இன்காக்களுக்கு முன்பே புகழ்பெற்றிருந்த கோவில் நகரம். இன்காக்கள் வந்து அதை இடிக்காமல், பக்கத்தில் தங்கள் சூரியக் கோவிலைக் கட்டினார்கள். கடல் மட்டத்திலேயே, மூச்சு வாங்காமல் பார்க்கக் கிடைக்கும் இன்காக் கட்டடம் இது. பெரும்பாலானோர் தவறவிடுகிறார்கள்.

குஸ்கோவில் இறங்கியதும் கிளம்பிவிடுங்கள்

விமான நிலையத்திலிருந்து நேரே உருபாம்பா பள்ளத்தாக்குக்குக் காரில் போங்கள். புனிதப் பள்ளத்தாக்கு என்பார்கள். அங்கே ஓயன்தாய்தம்போவில் தங்கலாம். உயரம் சுமார் 2,800 மீட்டர், குஸ்கோவைவிட 600 மீட்டர் கீழே. இரண்டு மணி நேரப் பயணம்.

ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. அந்தச் சாலை கீழே இறங்குவதற்கு முன்னால் மேலே ஏறும். சின்செரோ வழியாகப் போனால் 3,700 மீட்டரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். காரில் உட்கார்ந்தபடி கடந்துவிட்டால் ஒன்றும் செய்யாது. நாங்கள் சின்செரோவில் இறங்கினோம். நெசவு காட்டுகிறார்கள், வழியில்தானே இருக்கிறது என்று டிரைவர் சொன்னார், நானும் சரி என்றேன். கள்ளிச்செடியில் வளரும் கோச்சினில் பூச்சியை உள்ளங்கையில் வைத்து நசுக்கி ரத்தச் சிவப்பாகச் சாயம் எடுத்துக் காட்டினார்கள். அம்மா ஆசையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் கழித்து எழுந்தபோது தலை கிறுகிறுக்கிறது என்றார். காரில் வாந்தி. அன்று ராத்திரி ஒரு வாய் கஞ்சிகூட இறங்கவில்லை. கீழே வந்து படுத்ததால் மறுநாள் மத்தியானத்துக்குள் தெளிந்தது. சின்செரோவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் எங்கும் நிற்க வேண்டாம்.

தலைவலி, பசியின்மை, தூக்கம் வராதது இவையெல்லாம் முதல் இரண்டு நாள் சகஜம். தண்ணீர் அடிக்கடி கொடுங்கள், இரவுச் சாப்பாடு கொஞ்சமாகப் போதும். பல்ஸ் ஆக்சிமீட்டர் எடுத்துப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இந்த உயரத்தில் நல்ல உடம்புக்கும் 90-க்குக் கீழே காட்டலாம். எண்ணைவிட ஆளைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, விடாத இருமல் என்று எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. டாக்டரைப் பார்த்துக் கீழே இறங்கிவிட வேண்டும். ஹோட்டல்களில் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருப்பார்கள். அறை எடுக்கும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

ஓயன்தாய்தம்போ: ஏறாமல் பார்க்க ஓர் ஊர்

இங்கே குறைந்தது மூன்று இரவாவது தங்குங்கள். முழுப் பயணத்திலும் அம்மாவுக்குப் பிடித்த ஊர் இதுதான், எனக்கும்தான்.

இன்காக்கள் போட்ட தெருக்களிலேயே மக்கள் இன்றும் குடியிருக்கிறார்கள். குறுகலான சந்துகள், இருபுறமும் கருங்கல் சுவர், ஓரத்தில் திறந்த வாய்க்காலில் மலைத் தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டே இருக்கும். நுழைவுச் சீட்டு எதுவும் வேண்டாம். சாயங்காலம் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பத்துப் பத்து அடியாக நடந்தோம். தலைவாசல்கள் மேலே குறுகியும் கீழே அகன்றும் இருக்கும், சுவர்களும் உள்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். அந்த ஊர்ப் பூகம்பங்களுக்கு அந்தச் சுவர்கள் ஈடுகொடுப்பதற்கு இந்தச் சாய்வும் ஒரு காரணம்.

ஊரை ஒட்டிய மலைச்சரிவில் பெரிய படிக்கட்டு வயல்கள், அவற்றின் உச்சியில் முடிக்கப்படாத சூரியக் கோவில். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சுமார் 6 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் காச்சிகத்தா கல்குவாரியிலிருந்து கொண்டுவந்த ஆறு ராட்சதக் கற்கள் அங்கே நிற்கின்றன. 1537-இல் மான்கோ இன்கா என்ற இன்கா அரசன் ஸ்பானியப் படையைத் தோற்கடித்துத் திருப்பி அனுப்பியது இந்தச் சரிவிலிருந்துதான். மேலே போக 200 படிக்கு மேல். படிகள் உயரம், ஒன்று போல் ஒன்று இருக்காது.

அம்மா ஏறவில்லை. நுழைவாயிலைத் தாண்டி வலப்பக்கம் சமதரையிலேயே இன்காக்களின் நீர்வேலைகள் இருக்கின்றன. அதில் இளவரசியின் குளியல் என்று அழைக்கப்படும் ஒரு தொட்டி. ஒரே கல்லில் படிபடியான வடிவங்களைச் செதுக்கி, நடுவில் தண்ணீர் கண்ணாடித் தகடு மாதிரி விழும்படி செய்திருக்கிறார்கள். அம்மா அதன் முன்னால் ஒரு கல்லில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு சொட்டுகூடச் செதறாம விழுது பாரு" என்றார். நான் மேலே போய்விட்டு வந்தபோதும் அங்கேயேதான் இருந்தார். பெரியவர்களை உச்சிக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். இன்காக்களின் கைத்திறன் கீழேயும் அதே அளவுக்கு இருக்கிறது.

இங்கே வாயிலில் சுற்றுலாச் சீட்டு ஒன்று வாங்க வேண்டும். போலேத்தோ துரிஸ்திகோ என்பார்கள். முழுச் சீட்டு வெளிநாட்டவருக்கு 130 சோல் (பெருவின் பணம்), 10 நாள் செல்லும். பிசாக், சின்செரோ, மொராய், குஸ்கோவின் சக்சாய்வமான் எல்லாம் அதிலேயே அடங்கும். வாங்கிய நாளிலிருந்து 10 நாளுக்குள் குஸ்கோவையும் முடிக்கிற மாதிரி கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மச்சு பிச்சு

ஓயன்தாய்தம்போவிலிருந்து ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம் போல ஆகும். பெரிய பெட்டிகளை ஹோட்டலிலேயே விட்டுவிட்டு, ஓர் இரவுக்கான சின்னப் பையோடு போங்கள். இறங்கும் ஊர் ஆகுவாஸ் கலியென்தேஸ், உயரம் 2,040 மீட்டர்தான். இங்கே வந்ததும் அம்மாவின் முகமே மாறிவிட்டது, நன்றாகப் பசித்துச் சாப்பிட்டார். ஊரில் கார் கிடையாது, தெருக்கள் ஏற்றம். ஆற்றோரமாக, பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அறை எடுங்கள்.

மேலே போக பஸ் இருக்கிறது. வளைந்து வளைந்து அரை மணி நேரம் ஏறும். விடியற்காலைச் சீட்டு வேண்டாம் என்பேன். இருட்டில் வரிசையில் நின்று மேலே போனால் பல நாள் பனிமூட்டம்தான் இருக்கும். 9, 10 மணிச் சீட்டென்றால் அம்மா தூங்கி எழுந்து சாப்பிட்டுவிட்டு வரலாம். வாசலுக்கு வெளியே இருக்கும் கட்டணக் கழிப்பறைக்குப் போய்விட்டு உள்ளே நுழையுங்கள். வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். கைத்தடி கொண்டுபோகலாம், நுனியில் ரப்பர் பூண் இருக்க வேண்டும். பை சின்னதாக இருக்கட்டும்.

வழிகாட்டியைக் கூட்டத்தோடு சேர்ந்து எடுக்காமல், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் நடக்கிற வேகத்துக்கு அம்மா ஓட வேண்டியிருக்காது. இறங்கும் படிகள்தான் முழங்காலைப் படுத்தும். அம்மாவுக்கு முன்னால் ஒரு படி கீழே நின்று, என் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி இறக்கினேன்.

15-ஆம் நூற்றாண்டில் பச்சாகுத்தி என்ற பேரரசன் காலத்தில் கட்டிய ஊர் இது. நூறு ஆண்டு அளவுக்கே ஆட்கள் இருந்தார்கள். 1911-இல் ஹிராம் பிங்கம் வந்துதான் கண்டுபிடித்தார் என்று எழுதுவார்கள். அவர் வந்தபோதே அங்கே விவசாயக் குடும்பங்கள் வயல் போட்டுக் குடியிருந்தன. சூரியக் கோவிலின் வளைந்த சுவரைப் பார்க்கும்போது ஒரு நிமிஷம் நின்று கற்களின் சந்திப்பைப் பாருங்கள். இரும்புக் கருவி இல்லாமல், கல்லால் கல்லைக் கொத்தி, தேய்த்து, பொருந்துகிறதா என்று வைத்து வைத்துப் பார்த்துச் செய்த வேலை.

மொராய், மராஸ், பிசாக்

பள்ளத்தாக்குக்குத் திரும்பி ஒரு நாள் ஓய்வு. பிறகு காரில் மொராய் போகலாம். வட்ட வட்டமாக, கிண்ணம் மாதிரி இறங்கும் படிக்கட்டு வயல்கள், பெரியது சுமார் 30 மீட்டர் ஆழம். மேல் விளிம்பில் நின்றே முழுதாகப் பார்த்துவிடலாம். பக்கத்தில் மராஸ் உப்பளம், ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் பாத்திகள். இது சுற்றுலாச் சீட்டில் சேராது, தனியாகக் கட்ட வேண்டும். பிசாக் இன்கா இடிபாடுகளில் கார் மேல் வாசல் வரை போகும். வாசலுக்குப் பக்கத்திலிருந்தே வயல்களும் எதிர்மலையின் கல்லறைக் குழிகளும் தெரியும், அதோடு திரும்பிவிடலாம். வானவில் மலைக்குப் போகலாம் என்று தெருவுக்குத் தெரு கூப்பிடுவார்கள். அது 5,000 மீட்டருக்கு மேல். வேண்டாம்.

சாப்பாடு

அரிசிச் சோறு எங்கும் கிடைக்கும். ஆனால் உயரத்தில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் சில கடைகளில் நறுக்கரிசியாக இருக்கும். கீன்வா என்ற தானியத்தின் சூப், வேகவைத்த உருளைக்கிழங்கு, பெரிய மணிச் சோளத்தோடு வெண்ணெய்க்கட்டி எல்லாம் அம்மாவுக்கு ஒத்துக்கொண்டன. சைவம் என்றால் "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ" என்று சொல்லுங்கள். இறைச்சி, கோழி, மீன் மூன்றும் இல்லாமல் என்று அர்த்தம். சூப்பில் கோழிச்சாறு ஊற்றுவது வழக்கம் என்பதால் "சின் கால்தோ தே போயோ" என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காரத்துக்கு "அஹீ" கேட்டால் ஒரு கிண்ணத்தில் வரும். சின்ன மின்கெட்டில் ஒன்று எடுத்துப் போனால் கஞ்சி வைத்துக்கொள்ளலாம். அங்கே 220 வோல்ட்தான், நம் ஊர் மெல்லிய இரண்டு ஊசி பிளக் பெரும்பாலும் பொருந்தும், மூன்று ஊசி பொருந்தாது.

கடைசியாக குஸ்கோ

பல நாள் பழகிய உடம்போடு வந்தபோது அம்மாவுக்கு குஸ்கோ ஒன்றும் செய்யவில்லை. பெரிய சதுக்கத்துக்குப் பக்கத்தில், ஏற்றமில்லாத தெருவில், தரைத்தள அறை கேட்டு வாங்குங்கள். பழைய வீடுகளில் லிஃப்ட் இருக்காது. சந்தையிலும் கடைகளிலும் அம்மாவை "மாமிதா" என்று கூப்பிட்டார்கள். அம்மா என்பதைத்தான் அப்படிச் செல்லமாகச் சொல்கிறார்கள். வங்கி, விமான நிலையம் போன்ற இடங்களில் "அத்தென்சியோன் பிரெஃபெரென்தே" என்ற பலகை இருந்தால் அங்கே போங்கள், 60 வயதானவர்களுக்கு முன்னுரிமை உண்டு.

முதலில் கோரிகஞ்சா. இன்காக்களின் தலைமைச் சூரியக் கோவில், சுவர்களில் தங்கத் தகடு பதித்திருந்த இடம். ஸ்பானியர்கள் சிறைபிடித்த அதாவல்பா அரசன், தன்னை விடுவிப்பதற்காகத் தருவதாகச் சொன்ன பிணைப்பொன்னுக்காக 1533-இல் தகடுகளைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பிறகு அதன்மேல் ஒரு கிறிஸ்தவ மடத்தைக் கட்டினார்கள். 1950-இல் வந்த பூகம்பத்தில் மடம் பெரிதும் சேதமானது, அடியில் இருந்த இன்காச் சுவர்கள் நின்றன. உள்ளே பெரும்பாலும் சமதரைதான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு சந்திப்பைக் கிட்டப் போய்ப் பார்த்தார். "சுண்ணாம்பே வைக்காம எப்படிடி நிக்குது?" என்று கேட்டார். அறைக்கு வந்த பிறகும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஊருக்கு மேலே இருக்கும் இன்காக் கோட்டையான சக்சாய்வமானுக்கு டாக்ஸியில் போங்கள், நடந்து ஏற வேண்டாம். பெரிய புல்வெளியில் நின்றபடியே அந்த வளைந்து மடியும் சுவர்களை முழுக்கப் பார்க்கலாம். சில கற்கள் நூறு டன்னுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். ஹாதுன் ருமியோக் தெருவின் இன்காச் சுவரில் இருக்கும் பன்னிரண்டு மூலைக் கல்லைப் பார்க்கலாம், தொடக் கூடாது. 2025 பிப்ரவரியில் ஒருவர் அதை அடித்துச் சேதப்படுத்திவிட்டார்.

பெட்டி கட்டும்போது ஒரு விஷயம். அங்கே தங்கியிருக்கும் நாளெல்லாம் ஹோட்டல்களில் கோகா இலைத் தேநீர் (கொக்கெய்ன் எடுக்கும் செடியின் இலை) கொடுப்பார்கள், பெருவில் அது சட்டப்படி சரிதான். ஆனால் அந்த இலையோ தேநீர்ப் பையோ ஒன்றுகூடப் பெட்டியில் வரக் கூடாது, இந்தியாவிலும் வழியில் வரும் பெரும்பாலான நாடுகளிலும் அது போதைப்பொருள் சட்டத்தில் வரும். அம்மா ஞாபகத்துக்காக நான்கு பைகளைக் கைப்பையில் எடுத்து வைத்திருந்தார். கடைசி நாள் காலையில் அறையிலேயே எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பினோம்.